மூன்றேகால் அடி வரை

ஜூன் 9, செவ்வாய்

இந்த டைரி அலுமினியக் கடை சேவியர் கொடுத்தது. மாடியில் அளவெடுக்க வந்தவன் கையோடு கொண்டுவந்தான். பாதி வருஷம் போனபிறகு கொடுக்கிறான் என்றால், வேறு யாரும் வாங்கிக்கொள்ளாமல் மிஞ்சியதாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு எழுத்துக்கும் எனக்கும் உறவு முறிந்துவிட்டது. இருந்தாலும் சும்மா வந்த தாளை வெறுமையாக விட மனசு வரவில்லை.

என் பேர் உலகம்மாள். தென்காசியில் பிறந்தவளுக்குக் கோயில் அம்மன் பேரை விட்டால் வேறென்ன பேர் வைப்பார்கள்? வயது ஐம்பத்தேழு. உயரம் மூன்றடி இரண்டு அங்குலம். இத்தனூண்டு ஆளுக்கு இத்தாம்பெரிய பேரா என்று கேட்காதவர் ஊரில் இல்லை. "பேராவது பெரிசா இருந்துட்டுப் போகட்டுமே, உங்க வீட்டுச் சோத்தையா திங்குது?" என்று சொல்லிவிடுவேன்.

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். பெரிய அண்டாவைத் துலக்க மற்றவர்கள் வெளியே குனிந்து நின்று முதுகு வலிக்கிறது என்பார்கள். நான் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்வேன்.

கீழ்வீடு அப்பா கட்டியது. அதில் என் தம்பி விசுவநாதன், அவன் பெண்டாட்டி செண்பகம், அவர்கள் மகள் குழலி. மேல்வீடு நான் கட்டியது. முன்பக்கம், மேற்குப் பார்த்து, திறந்த தளம் ஒன்று விட்டிருக்கிறேன். அதற்குக் கைப்பிடி மட்டும் பாக்கி.

கொத்தனார் மாடசாமி, "நாலடிக்குச் சுவர எழுப்பிருவோமா?" என்று கேட்டார்.

"செங்கல் வேண்டாம். கண்ணாடி."

"கண்ணாடியா?" அவர் கையிலிருந்த கரணை அப்படியே நின்றுவிட்டது. "எதுக்கும்மா?"

"ஃபேஷன்" என்றேன்.

இந்த ஊரில் பல வீட்டு மொட்டை மாடியில் நான் ஏறியிருக்கிறேன். எல்லா மாடியிலும் நான் பார்த்தது வானம் மட்டும்தான். இதை வெளியே சொன்னால் மூக்கைச் சிந்துவார்கள். ஃபேஷன் என்றால் திட்டுவார்கள். திட்டு வாங்குவது எனக்குச் சுலபம்.

ஜூன் 11, வியாழன்

சேவியர் கடைக்குப் போனேன். மாதிரிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறான். பெண் பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று மேலும் கீழும் பார்த்தேன்.

முதலில் எவர்சில்வர் குழாய் காட்டினான். "வேண்டாம்ல. பகல் பூரா எவர்சில்வரோடதான் மல்லுக்கட்டுதேன். சாயங்காலம் மாடிக்கு ஏறினா அங்கயும் அதுதான் நிக்கணுமா?"

அடுத்தது அலுமினியமும் கண்ணாடியும். எங்கள் தொழிலில் பித்தளைக்குத்தான் மரியாதை. அலுமினியம் என்றால், சோறு வடிக்க ஆகும் என்று ஓரமாக வைத்துவிடுவோம். அதைச் சொன்னேன்.

"அக்கா, இது அந்த அலுமினியம் இல்ல. மேல பவுடர் கோட்டிங் கொடுத்திருக்கு. சாரல்ல நின்னாலும் சாயம் போவாது."

"அப்போ உன் மீசைய விடத் தேவல."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். சேவியர் மீசையைத் தடவிக்கொண்டே ஒரு மாதிரியைக் காட்டினான். நல்ல தடித்த கண்ணாடி, நடுவில் குறுக்கே கையகலத்துக்கு அலுமினியப் பட்டை. முன்னால் போய் நின்றேன். பட்டை சரியாக என் கண்ணுக்கு நேரே வந்தது.

"இது என்னல, கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு?"

அங்கே ஒரு புருஷன் பெண்டாட்டியும் ஜன்னல் பார்க்க வந்திருந்தார்கள். அந்த ஆள் என்னை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சர்க்கஸ்ல இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சர்க்கஸ் தானா என்னைத் தேடி வரும். இன்னிக்குக்கூட வந்திருக்கு."

அவர் பெண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, வெட்கப்பட்டாளா தெரியவில்லை. இரண்டும் நல்லதுதான்.

கடைசியில் நான் பிடித்தது இதுதான்: நடுப்பட்டை கிடையாது. அடியில் தாழ்வாக ஒரு அலுமினியச் சட்டம், மேலே நாலடியில் ஒரு கைப்பிடி, இரண்டுக்கும் நடுவில் முழுக் கண்ணாடி. பதமேற்றிய கண்ணாடியாம். உடைந்தாலும் கத்தி மாதிரி நிற்காதாம், கல்கண்டு மாதிரி உதிருமாம்.

"அண்டா உருண்டு வந்து மோதினா தாங்குமா?"

"தாங்கும்க்கா."

நானே பின்னால் போய் ஓடிவந்து தோளால் மோதிப் பார்த்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளுக்குத்தான் எண்ணெய் போட வேண்டியிருந்தது.

சட்டத்துக்குச் செம்பு நிறம் சொல்லியிருக்கிறேன். அலுமினியத்துக்கும் ஒரு ஆசை இருக்கும் அல்லவா.

ஜூன் 12, வெள்ளி

மழை. இரண்டு கல்யாணம். சாம்பார் அண்டா அடிப்பிடித்து வந்தது. உள்ளே இறங்கித் துலக்கினேன். அண்டாவுக்குள் உட்கார்ந்து பாடினால் என் குரல் நன்றாக இருக்கிறது.

ஜூன் 15, திங்கள்

விசு மேலே வந்தான்.

அவனைக் கைக்குழந்தையாக இடுப்பில் சுமந்தவள் நான். அவனுக்கு நாலு வயதானபோது எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். ஒரு வருஷம் அப்படியே இருந்தோம். கைகோத்துக் கடைக்குப் போவோம். வெளியூர்க்காரர்கள் "ரெட்டப் பிள்ளையளா?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அவன் வளர்ந்துகொண்டே போனான்.

"யக்கா, சுவரே எழுப்பிருவோம். கண்ணாடின்னா நடுத்தெருவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வீட்டுல உள்ளதெல்லாம்."

"வீட்டுல என்னல இருக்கு, நகையா காயப்போட்டிருக்கோம்?"

அவன் தரையைப் பார்த்தான். "குழலிக்குச் சுரண்டையில இருந்து ஒரு இடம் அமையும்போல இருக்கு. ஆடி பொறந்துட்டா பேச முடியாது, அதுக்கு முன்னால பாக்க வாராவ. வாசல்ல இறங்கி அண்ணாந்து பாத்தா..."

"அண்ணாந்து பாத்தா செம்புக் கலர்ல கைப்பிடி தெரியும். பணக்கார வீடுன்னு நினைச்சுக்கிடுவாவ" என்றேன்.

குழலியை இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு தடவையும் அன்று காலையில் விசு, "யக்கா, கரண்டி குறையுதுன்னு தோணுது, போய் எண்ணிப் பாரேன்" என்று என்னைக் கடைக்கு அனுப்பினான். எண்ணினேன். குறையவில்லை. பொழுது போகாமல் மறுபடியும் எண்ணினேன். சாயங்காலம் செண்பகம் கேசரி கொண்டுவந்து தந்தாள். ஆறிப்போயிருந்தது. முந்திரி நிறைய இருந்தது. நல்ல கேசரிதான்.

நான் இல்லாமலேயே அந்த இரண்டு இடமும் தட்டிப்போயிற்றே என்று இன்றைக்கு விசுவிடம் கேட்டேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. படியில் இறங்கும்போது செருப்புச் சத்தம் அதிகமாக இருந்தது.

ஜூன் 20, சனி

குழலியைக் கூட்டிக்கொண்டு போய் ஆர்டரை உறுதி செய்தேன். அவள் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். வண்டியில் என்னை முன்னால் நிற்க வைத்துத்தான் ஓட்டுவாள். வழியில் போலீஸ்காரர் ஒருவர் குழந்தையென்று நினைத்து என் கன்னத்தைக் கிள்ள வந்தார். திரும்பிப் பார்த்தேன். பாவம், சல்யூட் அடித்துவிட்டார்.

திரும்பும்போது குழலி கேட்டாள்: "அத்தே, ஒண்ணு கேக்கட்டுமா? உனக்குத் தெரு தெரியணும்னு கண்ணாடி போடுதியா, இல்ல தெருவுக்கு நீ தெரியணும்னு போடுதியா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுட்டி" என்றேன்.

இதற்குத்தான் வாத்தியார் வேலைக்குப் போன பிள்ளைகளோடு வண்டியில் போகக் கூடாது.

ஜூன் 28, ஞாயிறு

கடையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்கிவிட்டு மத்தியானம் வந்தேன். வேலை முடிந்திருந்தது. செம்புச் சட்டம் வெயிலில் மினுங்கியது. சேவியரின் ஆட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியின் மேல் பால் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கீறல் விழாமல் இருக்க ஒட்டிய தாள் என்று நினைத்து, "இதக் கிழிச்சுட்டுப் போங்கப்பா" என்றேன்.

"அது தாள் இல்லக்கா. ஸ்டிக்கர். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது."

"நான் கேக்கலியே."

"விசு அண்ணாச்சி போன் பண்ணாவ. பொம்பளையாளுக நிக்கிற இடம், கீழ்ப்பக்கம் மட்டும் மறைச்சிருங்கன்னு. அளவும் அவியதான் சொன்னாவ. நீங்க சொல்லித்தான் சொல்லுதாவன்னு நினைச்சோம்."

"என்ன அளவு?"

"மூணேகால் அடி."

அவர்கள் போனபிறகு பக்கத்தில் போய் நின்றேன். ஒரே வெள்ளை. பாலுக்குள் முங்கின மாதிரி. உச்சந்தலைக்கு மேல் ஓர் அங்குலம் விட்டு அதற்குமேல் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. குழலி நின்றால் இடுப்புக்கு மேல் தெரு முழுக்கத் தெரியும். செண்பகம் நின்றாலும் தெரியும். மாடசாமிக் கொத்தனார் நின்றாலும் தெரியும்.

ஓர் அங்குலம் தாராளமாகவே விட்டிருக்கிறான். கொண்டை போட்டால் என்ன செய்வது என்று யோசித்திருப்பான். என் உயரம் அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ஜூன் 29, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. கடையில் கரண்டிகள் சரியாக இருக்கின்றன.

ஜூலை 2, வியாழன்

செண்பகம் மீன்குழம்பு கொண்டுவந்தாள். குழம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, கோவமா இருக்கியளா?"

"குழம்பு நல்லா இருந்தா கோவம் போயிரும். ருசி பாத்துச் சொல்லுதேன்."

"ஒரு கல்யாணம் முடியுற வரைக்கும்தான மதினி. பிறகு கிழிச்சு எறிஞ்சிரலாம். வாரவங்க, குடும்பத்துல இப்படி இருக்கே, நாளைக்குப் பொறக்குத பிள்ளைக்கும்னு..."

"கல்யாணம் முடிஞ்சா வளைகாப்பு வரும். அதுக்கும் அவிய வருவாவ. பிறகு பேர் வைக்க, காது குத்த. கிழிக்கதுக்கு நாள் பாத்துச் சொல்லு செண்பகம், காலண்டர்ல குறிச்சு வைக்கேன்."

அவள் அழுதுவிட்டாள். அவளை அழவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பெண். குழலிக்கு வயது இருபத்தேழு ஆகிறது, பெற்றவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது. அதனால்தான் அந்த ஸ்டிக்கரில் இன்னும் கை வைக்காமல் இருக்கிறேன்.

மீன்குழம்பில் புளி தூக்கல்.

ஜூலை 7, செவ்வாய்

இன்றைக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. கோபமும் வருகிறது. எதை முதலில் எழுத?

மேல்வீட்டில் எல்லாம் என் அளவுக்கு வைத்தது. ஸ்விட்ச், குழாய், அடுப்பு மேடை, எல்லாமே தாழ்வு. தளத்தில் இருக்கிற விளக்குக்கூடச் சுவரில் என் தோள் உயரத்தில்தான். பல்பு மாற்ற யாரையும் கெஞ்சக் கூடாது என்று அப்படி வைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் இருட்டியதும் விளக்கைப் போட்டுவிட்டு, கழுவிய பெரிய சாம்பார்க் கரண்டியைக் காயவைக்க அங்கே போனேன். கீழே தெருவில் "ஏ, அங்க பாருங்கல!" என்று சத்தம். நான் நின்றேன். சத்தமும் நின்றது. கரண்டியைத் தூக்கினேன். "ஹோ" என்று கத்தினார்கள்.

அப்போதுதான் புரிந்தது. விளக்கு எனக்குப் பின்னால், தாழ்வாக. முன்னால் வெள்ளை ஸ்டிக்கர். என் நிழல் அப்படியே அதில் விழுந்து தெரு முழுக்கத் தெரிகிறது, பாவைக்கூத்துத் திரை மாதிரி.

விடுவேனா? கரண்டியைத் தோளில் வைத்துப் போலீஸ் மாதிரி நடந்தேன். தலையில் குண்டானைக் கவிழ்த்து ராஜா ஆனேன். பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து, விசு வெற்றிலை துப்புகிற மாதிரி துப்பினேன். டீக்கடைக்காரர் பாய் விசிலே அடித்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா, "உலகு, இன்னொரு தடவ துப்பு!" என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து விசு, கல்யாணத் தரகரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினான்.

தரகரை அனுப்பிவிட்டு மேலே ஏறி வந்தான். முகம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"மானம் போச்சு யக்கா. தெருவே கூடி நின்னு சிரிக்கு."

"நான் சும்மாதான நின்னேன். திரை கட்டுனது நீ. படம் காட்டுதது நீ. எங்கிட்ட டிக்கெட் கேட்டா நான் என்ன செய்ய?"

"சுரண்டைக்காரங்க ஞாயித்துக்கெழம வாராவ. இதெல்லாம் அவிய காதுக்குப் போனா?"

"அப்போ ஸ்டிக்கரக் கிழிச்சிரு. நிழல் விழாது."

அவன் ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. விளக்கிலிருந்து பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டான். அதைக் கழற்ற அவன் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

அடுப்படி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். இவ்வளவு நாள் என்னை மறைத்தான், பொறுத்தேன். என் வீட்டில் என் காசில் போட்ட விளக்கை என் கண் முன்னாலேயே கழற்றிக்கொண்டு போகிறான். இனி முடியாது, தம்பி.

ஜூலை 12, ஞாயிறு

காலையில் விசு மேலே வந்தான். முகச்சவரம், புதுவேட்டி.

"யக்கா, கடையில கரண்டி..."

"கரண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குல. நீ போய் வந்தவங்களுக்குத் தண்ணி எடுத்து வை."

அண்டாக்களில் கல்யாண வீட்டுக்காரர்கள் பேர் எழுதி ஒட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள். அதை எடுப்பது எனக்குக் கைவந்த வேலை. வெந்நீரில் துணி முக்கி மேலே போட்டு இளக வைக்க வேண்டும், பிறகு ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். வெந்நீர்ப் பானையோடு தளத்துக்குப் போனேன். சாம்பார்க் கரண்டியின் காம்பை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். மூலை எழும்பியது.

விசு பின்னாலேயே வந்தான். "யக்கா, வேண்டாம்."

"தள்ளி நில்லு, சுடும்."

"ஒனக்கு ஒரு ஃபேஷன். எனக்கு ஒரே பிள்ள. அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுராத."

எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், எதுவும் உள்ளே போனதில்லை. இது போனது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். குழலி பிறந்தபோது அவளை நீட்டிய காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். என் காலுக்கு அவள் நீளம் சரியாக இருக்கும்.

குழலி படியேறி வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள், தலையில் ஒரு பக்கம் மட்டும் பூ வைத்திருந்தது. நேரே வந்து கரண்டியை எடுத்தாள்.

"நீ கீழ போ. சேலையில தண்ணி படும்" என்றான் விசு.

"அப்பா, அத்தைய ஒளிச்சு வச்சு எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னா, பிறகு ஆயுசு முழுக்க அவள ஒளிக்குத வேல எனக்குல்லா வந்து சேரும்? ஸ்கூல் வேலயே எனக்குத் தல சுத்துது." என் பக்கம் திரும்பினாள். "இந்த மூலையில எண்ணெய் பத்தல அத்தே."

எண்ணெய் விட்டேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒட்டுப்பசை நூல் நூலாக வந்தது. கண்ணாடி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலில் எதிர்வீட்டு வாசல். பிறகு டீக்கடை பெஞ்சு. அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு. அதற்கும் பின்னால், மேலே மேகம் இறங்கி, மலை.

குழலி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணெய்க் கையைப் பட்டுச்சேலையில் துடைத்துவிட்டாள், கழுதை.

கடைசிக் கண்ணாடியில் இருக்கும்போதே கார் வந்துவிட்டது. குழலி கீழே ஓடினாள். விசுவும் ஓடினான். நான் மட்டும் நின்றேன், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு, கையில் கரண்டியோடு, உச்சந்தலையிலிருந்து மெட்டி வரைக்கும் தெரிய. கல்யாணம் ஆகாதவளுக்கு மெட்டி எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். பிடித்திருந்தது, போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"வாங்க, வாங்க!" என்றேன் சத்தமாக. "வழியில சாரல் உண்டா?"

அந்தம்மா திரும்பினாள். விசுவைப் பார்த்துக் கேட்டாள். "அவிய யாரு?"

விசு வேட்டி முனையைத் தூக்கிப் பிடித்தான். விட்டான். மேலே என்னைப் பார்த்தான். டீக்கடைப் பாய் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"எங்க அக்கா" என்றான். காற்றுதான் வந்தது.

"யாரு?"

"எங்க அக்கா! மூத்தவ. மாடி அவ கட்டுனது."

இந்தத் தடவை தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கீழே போனேன். எல்லோருக்கும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். கேசரி சூடாக இருந்தது. நாக்குச் சுட்டுவிட்டது. மாப்பிள்ளைப் பையன் ஒல்லி, ரொம்பப் பேசவில்லை. மாடியில் போய் மலை பார்க்கலாமா என்று கேட்டான். பார்த்தான். அவன் அம்மா என்னிடம் பெரிய அண்டாவுக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டாள், கிளம்பும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்னால் வந்த இரண்டு இடமும் இதையேதான் சொன்னார்கள்.

ஜூலை 14, செவ்வாய்

இன்னும் தகவல் வரவில்லை. தட்டிப்போனால் என்மேல்தான் பழி வரும். வரட்டும். முதல் இரண்டுக்கும் யார்மேல் போட்டார்கள் என்று கேட்பேன்.

காலையில் நல்ல சாரல். காபியோடு தளத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. மலை ஒரு தடவை தெரியும், ஒரு தடவை மறையும்.

விசு ஏறி வந்தான். சட்டைப்பையிலிருந்து பல்பை எடுத்து, குனிந்து, இருந்த இடத்தில் மாட்டினான். போகாமல் நின்றான். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தால் என்னைவிடச் சாண் உயரம்தான் கூட.

"இங்க இருந்து மலை நல்லாத் தெரியுது, என்ன?" என்றான்.

"நீ என்னிக்கும் பாக்குத மலதான."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "யக்கா..." என்று ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. காபி ஆறிப்போகும், அழுது தொலைப்பான், எனக்கும் மூக்கு ஒழுகும். அதெல்லாம் இப்போது வேண்டாம்.

"ஏல விசு, கடையில கரண்டி குறையுதுன்னு தோணுது. போய் எண்ணிட்டு வா."

என்னையே பார்த்தான். எழுந்து போனான்.

முக்கால்மணி நேரம் கழித்து வேர்த்துப்போய் வந்து நின்றான். "ஆமா யக்கா, ஒண்ணு குறையுது. சாம்பார்க் கரண்டி."

"சரியா எண்ணுனியா?"

"ரெண்டு தடவ எண்ணுனேன்."

"இன்னொரு தடவ எண்ணு" என்றேன்.

முனகிக்கொண்டே படியிறங்கினான். தெருவில் கடையைப் பார்த்து அவன் நடந்து போவது இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. கரண்டி என் மடியில்தான் இருக்கிறது.